மருமகளின் மலைச் சைக்கிள்



போன இதழில் குழந்தைக்கு முதன் முதலில் சோறு ஊட்டுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள் மேஜை மேல் குவிந்து கிடக்கின்றன. பதிலெல்லாம் அடுத்த முறை. இந்தத் தடவை என் வீட்டுச் சங்கதி ஒன்று. மூன்று வாரமாக மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது. உங்களிடம் சொன்னால்தான் ஆறும்.

என் மகனும் மருமகளும் சிறுசேரியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேரன் பிறந்ததிலிருந்து நான் தாம்பரம் வீட்டை இவரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயேதான் ஜாகை. போன ஆவணியில் ஒரு நாள், வீட்டு வாசலில் ஆள் உயர அட்டைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. ஃப்ரிட்ஜ் மாற்றுகிறார்களோ என்று ஆவலாகப் போய்ப் பார்த்தேன். பிரித்தால்... சைக்கிள்!

சைக்கிள் என்றால் நாம் பார்த்த சைக்கிள் இல்லை. மணி இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு கூட இல்லை. டயர் மட்டும் ஸ்கூட்டர் டயர் போல முரட்டுத்தனமாக, மேலெல்லாம் பொத்தான் பொத்தானாக.

"இது எவ்வளவும்மா?" என்றேன்.

"42,000 அத்தை. என் போனஸ் பணம்" என்றாள் மெதுவாக.

எனக்குத் தலை சுற்றியது. அதோடு போயிற்றா? ஒரு வாரத்துக்குள் ஹெல்மெட் வந்தது, கையுறை வந்தது, முட்டிக்குக் கவசம் வந்தது. உள்ளே மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்று வந்தது. அதைக் கொடியில் உலர்த்தும்போது எதிர் வீட்டு அம்மா பார்த்துவிடப் போகிறாளே என்று நான்தான் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். "கைக்குழந்தைக்காரிக்கு இதெல்லாம் தேவையா?" என்று இவரிடம் போனில் புலம்பினேன். இவர் வழக்கம் போல, "உனக்கேன் வம்பு?" என்று வைத்துவிட்டார்.

மலைச் சைக்கிள் என்கிறாளே, சிறுசேரியில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு உட்கார்ந்து சொன்னாள். எனக்கும் சுவாரசியமாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் டமால்பைஸ் என்றொரு மலை. 1970-களில் அங்கிருந்த சில இளவட்டங்கள், பழைய இரும்புக் கடையில் கிடந்த தடித்த டயர் சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மலை உச்சியிலிருந்து மண்பாதையில் உருட்டிக்கொண்டு இறங்குவார்களாம். 1976-ல் அதையே பந்தயமாக நடத்த ஆரம்பித்தார்கள். அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பேர். ஏன் தெரியுமா? இறங்குகிற வேகத்தில் பின் சக்கரத்து பிரேக்கில் உள்ள கிரீஸ் அத்தனையும் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டுமாம்! அப்புறம் இதற்கென்றே தனி வண்டி செய்தார்கள். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பந்தயமாகச் சேர்ந்தது. பெண்கள் பிரிவில் முதல் தங்கம் வாங்கியவர் இத்தாலியின் பாவோலா பெஸ்ஸோ. நான்கு வருஷம் கழித்து சிட்னியிலும் அவருக்கே தங்கம்.

மலை இல்லாவிட்டாலும் மண்பாதை போதும் என்கிறாள் என் மருமகள். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் இரட்டை ஏரி இருக்கிறது. கரை மேல் ஒற்றையடிப் பாதை, பனை மரம், சீமைக் கருவேலம் புதர், மாடு போன தடம், மழை அரித்த பள்ளம். இது போதாதா? அதிகாலையில் நாரையும் நீர்க்காகமும் பார்த்துக்கொண்டே போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் போகமாட்டாள். களிமண் குழைந்து சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். சக்கரத் தடம் பதிந்து பாதையும் கெட்டுப் போகும். கூட எப்போதும் இரண்டு தோழிகள். சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், எட்டு மணிக்கு இட்லி வேகும்போது வந்துவிடுவாள், முகமெல்லாம் செம்மண்ணோடு.

இப்படியே தை மாதம் வரை ஓடிற்று. ஒரு சனிக்கிழமை எட்டாகி, எட்டரையாகி, ஒன்பதும் ஆகிவிட்டது. பேரன் அழ ஆரம்பித்துவிட்டான். அப்புறம்தான் வந்தாள், சைக்கிளை உருட்டிக்கொண்டு. மணிக்கட்டு வீங்கியிருந்தது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. கரையிலிருந்து இறங்கும் இடத்தில் மணலில் முன் பிரேக்கை அழுத்திவிட்டாளாம், வண்டி வழுக்கித் தலைகுப்புற விழுந்திருக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டினாள். இடது பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "இன்னும் பால் மறக்காத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படியா? இனிமேல் அந்தச் சைக்கிளைத் தொடக்கூடாது!" என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குத்தான் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. பெருமாள் புண்ணியம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கத்தின வார்த்தை காதிலேயே ஒலித்தது. அதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே? கேட்டிருக்கிறேன், சகோதரிகளே. 1972-ல், மேற்குத் தாம்பரத்தில், என் பதின்மூன்றாவது வயசில். அண்ணனின் ஹெர்குலிஸ் சைக்கிளில் பாருக்கடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துத் தெருத்தெருவாகச் சுற்றிய பெண் நான். பெரியவளான பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, ஆசையாகச் சைக்கிளை எடுக்கப் போனேன். அம்மா வாசலில் நின்று சொன்ன வார்த்தை அது. "இனிமேல் அந்தச் சைக்கிளைத் தொடக்கூடாது." ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அதோடு சரி.

மறுநாள் மருமகளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் சொன்னது எனக்குப் பெரிய அடி. "அத்தை, இவன் பிறந்தப்புறம் எத்தனையோ ராத்திரி பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதிருக்கேன். காரணமே தெரியாது. குழந்தையைப் பார்த்தாக்கூட சந்தோஷம் வரலே. டாக்டரம்மாகிட்டே போனேன். பால் கொடுக்கிறவங்களுக்கு ஒத்துக்கிற மாத்திரை கொடுத்தாங்க. கொஞ்சம் தேறினதும், உனக்குப் பிடிச்ச உடற்பயிற்சி ஏதாவது இருந்தா ஆரம்பின்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சைக்கிள்தான் எனக்கு எல்லாம். அதான் வாங்கினேன். உங்ககிட்டே சொல்ல வெட்கமா இருந்தது."

ஒரே வீட்டில் இருந்தேன். பத்தியச் சமையல் செய்தேன், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தேன். அவள் அழுதது மட்டும் எனக்குத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பின் சில நாள் காரணமில்லாமல் கண் கலங்குவது சகஜம், தானே சரியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய். 'பிள்ளை பெற்ற வீட்டில் அழக்கூடாது' என்று அதட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். உடற்பயிற்சி கூடவே உதவும், ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. வீட்டில் பெரியவர்களாக இருக்கும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பெண்ணும் சைக்கிளும் என்றால் புதுக்கோட்டையை மறக்க முடியுமா? 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வழி செய்தார். வயல் வேலை செய்பவர்களும் கல் குவாரித் தொழிலாளிகளும் ஆயாக்களும் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். விறகும் தண்ணீரும் பிள்ளையும் ஏற்றிப் போக அவர்களுக்குச் சைக்கிள். என் மருமகளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் தனக்கென்று இருக்கச் சைக்கிள். தேவை வேறு, தேவைதான்.

சரி, உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் பெண்ணுக்கோ மருமகளுக்கோ ஆசை இருந்தால், நான் அவளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டதைத் தருகிறேன். சாதாரண சைக்கிளுக்கும் இதில் பாதி பொருந்தும்.

1. பிரசவமாகி ஆறு வாரத்தில் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே நடைப்பயிற்சிக்கு மேல் எதுவும். ஆபரேஷன் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அடிவயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி முதலில், சமதரையில் சைக்கிள் பிறகு, மேடுபள்ளம் கடைசியில். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், குணப்படுத்தலாம். கர்ப்பமாக இருக்கும்போது மண்பாதைச் சவாரி வேண்டவே வேண்டாம்.

2. கிளம்பும் முன் பால் கொடுத்துவிட்டால் மார்பு கனக்காது. அளவான உடற்பயிற்சியால் பால் குறையாது. தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்க வேண்டும். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், கையோடு இரண்டு கடலை மிட்டாய். கடையில் விற்கும் கலர் பானம் அவசியமில்லை.

3. படி ஏறினாலே மூச்சு வாங்கினால், சைக்கிளுக்கு முன் ரத்தப் பரிசோதனை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் மாநிலப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தெரிந்தது. நம்மில் பலருக்கு அது தெரிவதே இல்லை.

4. சீட்டின் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம், ஆகையால் சீட்டும் கொஞ்சம் அகலமாக இருப்பது பலருக்கு நல்லது. மெத்தை வைத்த கால்சட்டைக்கு உள்ளாடை கூடாது. ஒவ்வொரு தடவையும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். (நான் இப்போது துண்டு போட்டு மூடுவதில்லை!)

5. ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், பின்னால் சரியக்கூடாது. ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரை நசுங்கித்தான் நம் தலையைக் காப்பாற்றுகிறது; நசுங்கினது மறுபடி உப்பாது.

6. மண்பாதையில் டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் பிடிமானம் அதிகம். கருவேல முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் பயந்து, ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவத்தை டயருக்குள் ஊற்றிவைக்கிறார்கள். மணலில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக்கூடாது. கல்லையே பார்த்தால் கல்லில்தான் போய் மோதுவோம். போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும்.

7. சைக்கிள் இதயத்துக்கும் தொடைக்கும் நல்லது. எலும்புக்கு அது மட்டும் போதாது. நடையும் மாடிப்படியும் தொடரட்டும்.

8. தனியாகப் போகக்கூடாது. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பயப்படும் மாமியாருக்கு இதுதான் பாதி மருந்து.

மணிக்கட்டு சரியாகிவிட்டது. புது ஹெல்மெட்டுக்குப் பணம் நான் கொடுத்தேன். எனக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. எட்டு மணியானால் இன்னமும் பால்கனியில் போய் நிற்கிறேன். ஆனால் சனிக்கிழமை காலையில் பேரனை எழுப்பிப் பல் தேய்த்துக் குளிப்பாட்டுவது இப்போது என் மகனின் வேலை. முதல் வாரம் கண்ணில் சோப்புப் போட்டுவிட்டான், குழந்தை ஊரைக் கூட்டினான். நான் எழுந்து ஓடப் போனேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். அவனும் கற்றுக்கொள்ளட்டுமே!

போன வாரம் இவர் தாம்பரத்திலிருந்து வந்திருந்தார். நாலு பேருமாக ஏரிக்கரைக்குப் போய், அவள் மேட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்தோம். பெடல் மேல் எழுந்து நின்று, முழங்கையை மடக்கி, பள்ளத்தில் சர்ரென்று இறங்கி அந்தப் பக்கம் ஏறினாள். பேரன் கை தட்டினான். "நீ ஓட்டினதைவிட நல்லா ஓட்டறா" என்றார் இவர். எனக்கு ஆச்சரியம். நாங்கள் அப்போது ஒரே தெரு. குரங்குப் பெடல் அடித்ததை இவர் பார்த்திருக்கிறார், ஐம்பது வருஷமாகச் சொல்லவே இல்லை!

சகோதரிகளே, நீங்கள் எந்த வயசில் சைக்கிளை விட்டீர்கள்? யார் விடச் சொன்னார்கள்? ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். திட உணவுக் கடிதங்களோடு சேர்த்து அடுத்த இதழில் பேசுவோம்.