காற்றும் கொச்சையோ?

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தந்தையின் கடையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான் எனக் கொள்க. "மழை பெய்தால் எங்கள் கடை காற்று வாங்கும்" என்பது அவன் எழுதிய வாக்கியம். திருத்தும் ஆசிரியர் அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுக்கிறார். "மழைக்காலத்தில் எங்கள் கடைக்கு வாடிக்கையாளர்களின் வருகை குறைந்து காணப்படும்" என்று மேலே எழுதுகிறார். ஓரத்தில் 'கொச்சை' என்று குறிக்கிறார். மாணவன் எழுதியதில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, பொருட்குழப்பமும் இல்லை. ஆளில்லாத கடையும், வாசலில் நின்று தெருவைப் பார்க்கும் தந்தையும், உள்ளே நுழையும் ஈரக்காற்றும் மூன்று சொற்களில் அடங்கியிருந்தன. ஆசிரியர் தந்த வாக்கியத்தில் கடை மட்டுமே இருக்கிறது.

அதே மாணவன் மறுநாள் மொழியணிப் பாடத்தில், 'காற்றில் பறக்கவிடுதல் – பொருட்படுத்தாமல் விட்டுவிடுதல்' என்று மனப்பாடம் செய்கிறான். வீட்டில் தாய் பேசினால் கொச்சை. பட்டியலில் அச்சேறினால் அணி! இந்த முரண்பாட்டை மொழித் தூய்மை என்று சிலர் போற்றுகின்றனர். அது தூய்மையன்று, மொழியின் வேரில் வெந்நீர் ஊற்றும் செயல்.

கொச்சை எது, வழக்கு எது என்னும் தெளிவின்மையே இக்குழப்பத்திற்குக் காரணம். 'காற்று' பேச்சில் 'காத்து' ஆகிறது. 'நேற்று' 'நேத்து' ஆகிறது. மாணவன் 'காத்து' என்று எழுதினால் அதனைக் 'காற்று' என்று திருத்துவது ஆசிரியரின் கடமை. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால், சொல்லின் ஒலித்திரிபு வேறு. சொற்கள் கூடிப் புதுப்பொருள் தரும் தொடர் வேறு. முன்னதைத் திருத்தலாம், பின்னதை அழிக்கலாகாது. மக்கள் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்து தொல்காப்பியர் நூல் செய்தார் என்று அந்நூலின் பாயிரமே கூறுகிறது. இலக்கணத்தின் தந்தை செவிகொடுத்துக் கேட்ட மக்கள் வழக்கை இலக்கணத்தின் பெயரால் வெட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

இதே மாணவன் மலாய்மொழிப் பாடத்தில் என்ன காண்கிறான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே 'மாக்கான் ஆங்கின்' என்பது 'சிம்புலான் பஹாசா' என்னும் மரபுத்தொடர் வரிசையில் மதிப்போடு கற்பிக்கப்படுகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது காற்றை உண்ணுதல். பொருளோ உலாவச் செல்லுதல், சுற்றுலாப் போதல். 'காபார் ஆங்கின்' என்பது காற்றுச் செய்தி, அதாவது வதந்தி. காற்றில்லாமல் மரம் அசையுமா என்று கேட்கும் மலாய்ப் பழமொழி, 'நெருப்பில்லாமல் புகையுமா' என்னும் தமிழ்ப் பழமொழிக்கு இணையானது. இவை சந்தையிலும் திண்ணையிலும் புழங்குபவையே. ஆயினும் அவற்றைக் கொச்சை என்று எவரும் ஒதுக்குவதில்லை.

மலாய்க்காரர் காற்றை உண்கிறார். தமிழர் காற்றை வாங்குகிறார். 'வாங்குதல்' என்பது விலை கொடுத்துக் கொள்வது மட்டுமன்று. பெறுதலும் ஏற்றலும் அதன் பொருளே. மூச்சு வாங்குதல், அடி வாங்குதல் என்பன போல வந்ததே காற்று வாங்குதல். மாலையில் கடற்கரைக்குச் சென்றவர் மகிழ்ந்து காற்று வாங்குகிறார்; ஆள் வராத கடை வேறு வழியின்றிக் காற்று வாங்குகிறது. ஒரே தொடர் இன்பத்தையும் இளக்காரத்தையும் சுமக்கிறது. இந்த நயத்தை வகுப்பில் காட்டாமல் வெட்டிவிட்டால், மாணவன் "விடுமுறையில் மாக்கான் ஆங்கின் போனோம்" என்று தமிழில் பேசத்தானே செய்வான்? தாய்மொழித் தொடரைத் துரத்தியவரே, அந்த இடத்தில் வந்து அமர்ந்த பிறமொழித் தொடரைக் கண்டு புலம்புவது என்ன நியாயம்?

ஒவ்வொரு காற்றுத் தொடருக்குப் பின்னாலும் ஒரு தொழில் நிற்கிறது. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதற்கு 'வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்' என்று பொருள் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால், முறத்தை உயர்த்திப் பிடித்து நெல்லைச் சரியவிட்டால் மணி நேரே விழுவதும், பதர் காற்றோடு விலகிப் போவதும் அம்மாணவனுக்குத் தெரியுமா? கெடாவிலும் சிகிஞ்சானிலும் இன்று இயந்திரமே அறுத்துத் தூற்றிவிடுகிறது. 'தூற்றுதல்' என்றால் பழி கூறுதல் என்று மட்டும் அறிந்த பிள்ளை, காற்றடிக்கும் நேரத்தில் யாரையோ ஏச வேண்டும் என்று எண்ணினாலும் வியப்பதற்கில்லை.

காற்றின் பெயர்களுக்கும் இதே கதிதான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இன்று கோடை என்றால் வெயிற்காலம். வாடை என்றால் நாற்றம். தென்றல் ஒன்றே காற்றாக எஞ்சி நிற்கிறது. இந்தியா, அரேபியா முதலிய நாடுகளைக் 'காற்றுக்கு மேலுள்ள நாடுகள்' என்றும், மலாய்த் தீபகற்பத்தையும் தீவுகளையும் 'காற்றுக்குக் கீழுள்ள நாடுகள்' என்றும் பழைய மலாய் வழக்கு பகுத்தது. பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கலத்தில் கடாரம் வந்த தமிழ் வணிகர், அக்காற்றுக்கு மேலிருந்து வந்தவர்களே. அப்படிப்பட்ட இனத்தின் பிள்ளைக்குக் காற்று வெறும் அறிவியற் பாடமாகிவிடலாமா?

இது சொல்லழகு பற்றிய வழக்கு மட்டுமன்று. 'காற்று வாக்கில் கேட்டேன்' என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது, அச்செய்திக்குத் தாம் பொறுப்பில்லை, உறுதிப்படுத்திக்கொள் என்று எச்சரிக்கிறார். அத்தொடரில் ஒரு நேர்மை இருக்கிறது. இன்று புலனத்தில் வரும் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேருக்கு அனுப்பும் இளைஞனிடம் அந்த எச்சரிக்கை இல்லை. தொடர் போனபோது அது கற்பித்த அடக்கமும் உடன் போயிற்று.

மருத்துவமனையில் நிகழக்கூடியதையும் நினைத்துப் பார்க்கலாம். "நெஞ்சிலே காற்று அடைக்குது" என்கிறார் பாட்டி. மொழிபெயர்க்க வந்த பேரனுக்கு அது விளங்கவில்லை. "பாட்டிக்கு ஏதோ காற்றாம்" என்று சிரிக்கிறான். அவர் சொல்வது வயிற்று வாயுவா, மூச்சுத் திணறலா, மாரடைப்பின் அறிகுறியா என்று கேட்டுத் தெளிய வேண்டிய இடம் அது. மாரடைப்பை வாயு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்துவோர் உண்டு. உடம்பில் 'ஆங்கின்' என்று சொல்லும் தம் பாட்டியிடம் பழகிய மலாய் மருத்துவருக்கு அச்சொல்லின் பொருள் பிடிபடக்கூடும். சொந்தப் பேரனுக்குப் பிடிபடவில்லை என்றால் அந்தக் குறை யாருடையது?

'அப்படியானால் தெருவில் கேட்பதெல்லாம் ஏட்டில் ஏறலாமா?' என்று கேட்போர் உண்டு. இல்லை. இடமறிந்து ஆள்வதே மொழித்திறம். தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் 'பள்ளி நூலகம் காற்று வாங்குகிறது' என்று எழுதுவது முறையன்று. கதையிலும் தன்வரலாற்றிலும் அதுவே உயிர்நாடி. 'காற்றுக் கறுப்பு' மூடநம்பிக்கையை வளர்க்காதா என்பது அடுத்த கேள்வி. பேயை நம்பாதவரும் அச்சொல்லை அறியலாம். பிள்ளையின் நெற்றியில் மைப்பொட்டு வைத்த தாயின் அச்சத்திற்குப் பெயர் அது. பகுத்தறிவு அந்த அச்சத்தைப் போக்கட்டும். அகராதியை ஏன் சுருக்க வேண்டும்? தேர்வுக்குப் பட்டியல்தானே உதவும் என்பாரும் உளர். 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போயிற்று, பட்டியலை விழுங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

செய்ய வேண்டியது அரிய செயலன்று. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டில் வழங்கும் காற்றுத் தொடர்களைக் கேட்டு எழுதி வரட்டும். காத்து, காற்றாகட்டும்; தொடர் தொடராகவே நிற்கட்டும். எங்கே ஆளலாம், எங்கே ஆளலாகாது என்பதை ஆசிரியர் எடுத்துரைக்கட்டும். உந்தியிலிருந்து எழும் காற்றே எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. பிள்ளையின் வாயிலிருந்து வரும் அந்தக் காற்றைச் சிவப்பு மையால் அடைத்துவிட்டு, தமிழ் மூச்சுத் திணறுகிறதே என்று மேடையில் முழங்குவதால் ஆவதொன்றுமில்லை. அடுத்த முறை "எங்கள் கடை காற்று வாங்கும்" என்ற வரி கண்ணில் படும்போது ஆசிரியரின் பேனா சற்றே தயங்கட்டும். பக்கத்தில் ஒரு 'சரி' போடட்டும்.