அறிக்கையில் உள்ள எண்ணும் அது சொல்லாதவையும்

“இரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது; மாத்திரை சாப்பிடுங்கள்” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் மருத்துவர்களாகிய எங்களிடம் உண்டு. அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. எவ்வளவு குறைவு, எத்தனை நாளில் குறைந்தது, ஏன் குறைந்தது என்பவற்றை அது மறைத்துவிடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. பாதிப்பேருக்கு மேல் இருப்பதாலேயே அதை இயல்பென்று எண்ணிவிடுகிறோம்.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை திடீரென்று தோன்றுவதில்லை. குதிரில் நெல் இருக்கும்வரை அடுப்பு எரிவதுபோல, கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள இருப்பை உடல் முதலில் செலவழிக்கிறது. அப்போது ஃபெரிட்டின் அளவு மட்டும் இறங்கும், ஹீமோகுளோபின் மாறாது. இருப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் குறைகிறது. சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறுகின்றன. சிகிச்சையிலோ எண் முதலில் ஏறும், குதிர் பிறகே நிறையும். எண் சரியானதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். அதன் பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும்.

கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13க்குக் கீழும் இருந்தால் சோகை. 8க்குக் கீழே சென்றால் அது கடுமையானது. கர்ப்பிணிகளுக்கு அந்த எல்லை 7. ஆயினும் எண் ஒன்றே கடுமையைக் காட்டாது. பல மாதங்களாக மெல்ல இறங்கி 6க்கு வந்த பெண், தோட்டத்தில் காப்பிப்பழம் பறித்துக்கொண்டே இருப்பார். அவர் உடல் பழகிக்கொண்டது. ஆனால் இதயம் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கும். பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் அவரால் தாங்க இயலாது. குடற்புண்ணால் ஒரே இரவில் 9க்கு இறங்கியவரோ அப்போதே மயங்கி விழுவார்.

ஏற்காட்டில் வாழ்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் பிராணவாயு குறைவு என்பதால், நலமான உடல் அதிக ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. இதற்காக அளவில் ஏறக்குறைய ஒரு கிராமைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். அதாவது, நிரந்தரமாக மலையில் வாழும் பெண்ணின் 12.5, சேலத்தில் வாழும் பெண்ணின் 11.5க்கு ஒப்பானது. அறிக்கையில் ‘இயல்பு’ என்றுதான் அச்சாகியிருக்கும்; எனவே மலையில் வசிப்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சுற்றுலாவாகச் சில நாள் வந்து தங்குவோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

காரணத்தைத் தேடாமல் மாத்திரை மட்டும் விழுங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போருக்குக் கொக்கிப்புழு, பெண்களுக்கு மிகையான மாதவிடாய், ஐம்பதைக் கடந்த ஆண்களுக்குக் குடலில் வெளித்தெரியாத கசிவு என ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு. ஒழுங்காக மாத்திரை எடுத்தும் ஒரு மாதத்தில் எண் ஏறவில்லை என்றால், பரம்பரைக் கோளாறுகளையும் பார்க்க வேண்டும். நம் மாநிலத்தின் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் சோகை 1952லேயே கண்டறியப்பட்டது. அத்தகையோருக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் தீர்வாகாது.

காப்பி விளையும் ஊரில் இதைச் சொல்வது சங்கடமே: காப்பியும் தேநீரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரைக்கும் காப்பிக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். மாத்திரையுடன் இம்மலையின் ஆரஞ்சோ நெல்லிக்காயோ சாப்பிடலாம். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டாம், அது மாத்திரையால் வருவது. ஆனால் மாத்திரை எடுக்காதபோது கறுத்தாலோ, தார்போல் பிசுபிசுத்து நாற்றமடித்தாலோ அன்றே வாருங்கள். வரும்போது பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை நாளில் எவ்வளவு இறங்கியது என்பதை அவற்றிலிருந்துதான் நாங்கள் கணிக்க முடியும்.