ஆயிரம் பேர் கையில் சாவி

2020 ஜூலை 15 அன்று பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ் என்று பெரும்புள்ளிகளின் ட்விட்டர் கணக்குகளில் அடுத்தடுத்து ஒரே அறிவிப்பு வந்தது: பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கும். நம்பியவர்கள் 1,18,000 டாலருக்கு மேல் இழந்தார்கள். பின்னணியில் மூளையாக இருந்தவன் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன்.

ட்விட்டரின் ஐ.டி. பிரிவிலிருந்து பேசுவதாக அதன் ஊழியர்களுக்குப் போன் போனது. வீட்டிலிருந்து அலுவலக வலையமைப்பில் நுழைய உதவும் வி.பி.என். இணைப்பின் கோளாறைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி, ஒரு போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடிக்க வைத்தார்கள். கொரோனா காலத்தில் வி.பி.என். மக்கர் செய்யாத வீடு ஏது?

பையனுக்கு மூன்றாண்டுத் தண்டனை. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், கணக்குகளின் மின்னஞ்சல் முகவரியையே மாற்றக்கூடிய உள் கருவிகளை ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திறந்துவிட்டது யார்? ஒப்பந்த ஊழியர்களும் அதில் அடக்கம். தகவல் பாதுகாப்புத் தலைமைப் பதவியோ 2019 டிசம்பரிலிருந்து காலியாகக் கிடந்தது.

ட்விட்டருக்கு இது முதல் அடியும் இல்லை. 2009 ஜனவரியில் அகராதியில் இருக்கும் சாதாரணச் சொல் ஒன்றே நிர்வாக பாஸ்வேர்டாக இருந்ததால் ஒருவன் உள்ளே புகுந்தான். ஏறக்குறைய எல்லா ஊழியர்களுக்கும் அட்மின் அதிகாரம் தரப்பட்டிருந்ததை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2010-லேயே குற்றமாகச் சுட்டியது. 2017 நவம்பரில், வேலையை விட்டுப் போகும் ஊழியர் ஒருவர் கடைசி நாளில் டிரம்ப்பின் கணக்கை 11 நிமிடம் முடக்கிவிட்டுப் போனார்.

வாடிக்கையாளர் குறைகளைத் தீர்க்க ஊழியருக்குக் கருவி வேண்டும் என்பது நியாயமே. அதற்காக, பார்க்க மட்டும் தேவைப்படுபவருக்கு மாற்றும் அதிகாரம் எதற்கு? முக்கியமான கணக்கில் கை வைக்க இன்னொருவரின் ஒப்புதல் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? வேலை தாமதமாகும் என்பது நிர்வாகங்களின் வழக்கமான சாக்கு. உண்மையில், யாருக்கு எது தேவை என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்கச் சோம்பல்.

இந்தச் சோம்பலில் ஊழியருக்கு இழைக்கப்படும் அநீதியும் இருக்கிறது. தேவையில்லாத அதிகாரத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, ஏமாந்த அன்று ‘மனிதத் தவறு’ என்று அறிக்கை விடுகிறார்கள். வேலைக்கு வேண்டாத அதிகாரத்தை அவர் கேட்டாரா?

2020 தாக்குதலுக்குப் பிறகு உள் கருவிகளுக்கான அனுமதியை ட்விட்டர் கணிசமாகக் குறைத்தது. முடியாத காரியமில்லை என்பது இதிலேயே தெரிகிறது. 2009-லேயே செய்திருக்க வேண்டியதைப் பதினோரு ஆண்டு தள்ளிப்போட்ட நிர்வாகமே இதில் முதல் குற்றவாளி.