புறா வேட்டை: அனுமதியும் அதன் எல்லையும்



வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளிடமிருந்து வரும் மார்க்கக் கேள்விகளில் பெரும்பாலானவை உணவைப் பற்றியவை. அண்மையில் கிழக்கு இங்கிலாந்தில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் சற்று வேறுபட்ட கேள்வியை அனுப்பியிருந்தார். அவருடன் வேலை செய்பவரின் குடும்பத்திற்கு அங்கே விளைநிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் பயிரைத் தின்ன வரும் காட்டுப்புறாக்களைச் சனிக்கிழமைகளில் சுடச் செல்கிறார்கள், அவரையும் அழைக்கிறார்கள். "உஸ்தாத், நான் போகலாமா? சுட்ட புறாவைச் சாப்பிடலாமா?" என்பது அவர் கேள்வி.

இரண்டாவது கேள்விக்குத்தான் நம்மில் பலர் முதலில் விடை தேடுவோம். இறைச்சி ஹலாலா, ஹராமா என்று தெரிந்துவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். ஆனால் முதல் கேள்வியே கனமானது என்பது என் கருத்து. ஓர் உயிரைப் போக்க அல்லாஹ் அனுமதி தந்திருக்கிறான். அந்த அனுமதி ஒரு தேவைக்காகத் தரப்பட்டது. தேவை முடியும் இடத்தில் அனுமதியும் முடிகிறது.

முதலில் அங்கு நடப்பது என்னவென்று அறிந்துகொள்வோம். ஆங்கிலேயர் 'வுட்பிஜன்' என்றழைக்கும் இப்பறவை நம் மாடப்புறாவை விடப் பெரியது; ஏறத்தாழ அரைக்கிலோ எடை இருக்கும். கழுத்தின் இருபுறமும் வெள்ளைத் திட்டு, பறக்கும்போது சிறகில் வெண்பட்டை, இவையே அதன் அடையாளங்கள். பிரிட்டனில் சுமார் 50 லட்சம் இணைகள் வாழ்கின்றன. முற்காலத்தில் கடுங்குளிரில் உணவின்றிப் பெருமளவில் மடிந்த பறவை இது. 1970களிலிருந்து ரேப் எனப்படும் எண்ணெய்ப் பயிர் அங்கே பரவலாயிற்று. கனோலா எண்ணெயும் இவ்வகைப் பயிரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நம் கடுகின் உறவுப் பயிர். குளிர்காலம் முழுவதும் பசுமையாக நிற்கும் இதன் இலைகள் புறாக்களுக்கு உணவாயின. பறவையின் தொகையும் பெருகியது. நூற்றுக்கணக்கில் கூட்டமாக இறங்கி இளங்குருத்தைக் கொத்தினால் அப்பகுதியில் விளைச்சல் குன்றும். பனி மூடிய நாட்களில் பனிக்கு மேலே தலைநீட்டி நிற்கும் இலைகளைத் தேடி மேலும் மேலும் வந்து சேரும். விவசாயியின் கவலை பொய்யானதன்று.

வேட்டைக்குச் செல்வோர் முதல் நாளே தொலைநோக்கியுடன் வயல்களைச் சுற்றி வருவர். புறாக்கள் எந்த மரங்களில் அமர்கின்றன, எந்த வேலியோரமாகப் பறந்து எந்த வயலில் இறங்குகின்றன என்று கவனிப்பர். மறுநாள் அப்பாதையின் கீழ் வலை கட்டி மறைந்துகொள்வர். இரை தின்பது போன்ற பிளாஸ்டிக் புறாக்களைக் காற்றின் திசை பார்த்து வயலில் நட்டு வைப்பர். மேலே பறக்கும் கூட்டம், தன் இனம் அச்சமின்றி மேய்கிறது என்று நம்பி இறங்கும்போது சுடுவர். மாலையில் புறாக்கள் அடையும் தோப்புகளில் நின்று சுடுவதும் உண்டு. பிப்ரவரி மாதத்தில் இது மிகுதி.

இனி அந்நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டப்படி அங்கே காட்டுப் பறவைகள் யாவும் அடிப்படையில் பாதுகாக்கப்பட்டவை. காட்டுப்புறாவும் அப்படியே. பயிருக்குக் கடும் சேதம் நேர்வதைத் தடுக்கும் பொருட்டு மட்டும் 'பொது உரிமம்' என்ற ஒன்றின் கீழ் அதைக் கொல்லலாம். இங்கிலாந்தில் இப்போது ஜி.எல். 42 என்ற உரிமம் இதற்கென உள்ளது. விரட்டுதல் போன்ற கொல்லாத வழிகளைத் தக்க முறையில் முயன்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வெருளிப் பொம்மை, எரிவாயுவால் வெடியோசை எழுப்பும் கருவி, பருந்து வடிவப் பட்டம் ஆகியன அவ்வழிகள். பொழுதுபோக்கிற்காகச் சுட இவ்வுரிமத்தில் இடமில்லை. இந்த நிபந்தனைகள் குறித்த வழக்கு நடவடிக்கையின் விளைவாக 2019 ஏப்ரலில் பழைய உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டு, புதியவை எழுதப்பட்டன என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆக, ஒரே வயல், ஒரே துப்பாக்கி, ஒரே பறவை. நோக்கம் பயிரைக் காப்பதாயின் செயல் சட்டத்திற்கு உட்பட்டது. நோக்கம் விளையாட்டாயின் குற்றம். நம் மதரஸாப் பிள்ளைகள் முதலில் மனனம் செய்யும் நபிமொழி செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதல்லவா? சட்டத்தால் எண்ணத்தைக் காகிதத்தில் கேட்க மட்டுமே முடியும். உள்ளத்தைப் பார்க்க முடியாது. சட்டம் பார்க்க முடியாத அந்த இடத்தில்தான் முஃமினின் பொறுப்பு தொடங்குகிறது.

நம் ஃபிக்ஹு நூல்களிலும் இதே ஒழுங்கு இருக்கிறது. உயிருக்கோ உடைமைக்கோ தீங்கு செய்ய வருவதைத் தடுக்கும் பாடத்தில், எளிய வழியில் தொடங்க வேண்டும் என்று ஷாஃபிஈ இமாம்கள் வகுத்துள்ளனர். சத்தமிட்டு விரட்ட முடியுமானால் அடிப்பது கூடாது. அடித்து விரட்ட முடியுமானால் கொல்வது கூடாது. நிர்ப்பந்தத்தால் கிடைத்த அனுமதி அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்பதும் அறிஞர்கள் யாவரும் அறிந்த விதி. புறாக்கள் வேறு வயலுக்குப் போய்விட்ட பிறகும் அவற்றைத் தேடிச் சென்று சுடுபவர் எந்தப் பயிரைக் காக்கிறார்?

இங்கே மற்றொரு நபிமொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அல்லது பயிர் செய்து, அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. பறவை கொத்தியதை இழப்புக் கணக்கில் மட்டும் எழுதாதே, அதற்கும் கூலி உண்டு என்று விவசாயிக்கு இது ஆறுதல் சொல்கிறது. இதன் பொருள் வயலையே பறவைக்கு விட்டுக்கொடு என்பதன்று. குடும்பத்தின் வாழ்வாதாரத்தைக் காப்பதும் அமானத்தே. ஆனால் கொத்திய ஒவ்வோர் இலைக்கும் ஓர் உயிரை விலையாகக் கேட்கும் மனநிலையை இந்நபிமொழி கண்டிக்கிறது. சிறு இழப்பு ஸதகா; கடும் சேதம் தடுக்கத் தக்கது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை நேர்மையாக வரைவதே இறையச்சம்.

"காட்டுப்புறா பயிர்த் தொல்லைதானே, எத்தனை கொன்றாலும் நன்மைதானே?" என்று கேட்பவர் உண்டு. இதற்கு விடை அந்நாட்டு ஆய்விலேயே இருக்கிறது. ரொனால்ட் மர்ட்டன் என்ற பறவையியலாளர் 1960களில் கேம்பிரிட்ஜ்ஷயர் வயல்களில் இப்பறவையை நீண்டகாலம் ஆராய்ந்தார். குளிர்காலத்தில் எத்தனை புறாக்கள் பிழைக்கும் என்பதைக் கிடைக்கும் உணவே தீர்மானித்தது. சுடப்பட்டவை பெரும்பாலும் எப்படியும் உணவின்றி மடிந்திருக்கக் கூடியவற்றின் இடத்தையே நிரப்பின என்று அவர் கண்டார். அதாவது குளிர்கால வேட்டையால் குறிப்பிட்ட ஒரு வயலை அந்த நாளில் காக்கலாம். பறவையின் மொத்தத் தொகையைக் குறைத்துவிட்டோம் என்று பெருமை கொள்ள இயலாது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் சுடுவதில் விவசாயிக்கும் பயனில்லை என்பதே இதன் பாடம்.

ஆனால் எண்ணிக்கைதான் இவ்வேட்டையின் போதையாகிறது. இன்று எத்தனை, சென்ற வாரம் எத்தனை என்ற பேச்சும், வீழ்ந்த பறவைகளை வரிசையாகக் கிடத்தி எடுத்த படங்களும் அதையே காட்டுகின்றன. உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை, ஒரு பறவையை நிறுத்தி அம்பெய்து பழகிய குறைஷி இளைஞர்களிடம் இப்னு உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். சிட்டுக்குருவியை அதன் உரிமையின்றிக் கொன்றவரிடம் மறுமையில் கேள்வி உண்டு, அறுத்து உண்பதே அதன் உரிமை, தலையைக் கொய்து எறிவதன்று என்ற கருத்தில் நஸாயீயில் ஒரு செய்தி உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருப்பினும், வீணாக உயிரைப் போக்குதல் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

"குர்ஆனே வேட்டையை அனுமதிக்கிறதே, நீங்கள் ஏன் கடினமாக்குகிறீர்கள்?" என்றும் கேட்கலாம். உண்மை, அல்மாயிதா அத்தியாயத்தில் அந்த அனுமதி தெளிவாக உள்ளது. ஆனால் அதே அத்தியாயம் இஹ்ராம் நிலையில் தரைவேட்டையைத் தடுக்கிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் இரை வரும்போது அதுவே சோதனை என்றும் உணர்த்துகிறது. கைக்கு எட்டியும் கை நீட்டாதிருப்பது வேட்டையின் ஒழுக்கத்தில் ஒரு பகுதி.

இனி உண்பதைப் பற்றி. வேட்டையாடுபவர் முஸ்லிமாகவோ வேதக்காரராகவோ இருக்க வேண்டும். இறைவனை மறுப்பவர் சுட்டுக் கொன்று அன்பளிப்பாகத் தரும் பறவை நமக்கு ஆகாது. சுடும்போது அல்லாஹ்வின் பெயர் கூற வேண்டும். உயிரோடு கையில் கிடைத்தால் முறைப்படி அறுத்தே உண்ண வேண்டும், இதில் பிணக்கில்லை. அறுக்குமுன் இறந்துவிட்டால்? கூர்முனை துளைத்ததை உண்ணவும், பருமனான பகுதி மோதி இறந்ததை விட்டுவிடவும் நபி (ஸல்) அவர்கள் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்குக் கற்பித்தார்கள். துப்பாக்கியின் சிறுகுண்டு துளைக்கிறதா, வேகத்தால் மோதி நசுக்குகிறதா என்பதில்தான் வேறுபாடு. நம் பகுதி ஹனஃபி அறிஞர்கள் பெரும்பாலும் ஆகாது என்பர். ஷாஃபிஈ நூல்களிலும் பேணுதலே மேலோங்கியுள்ளது. மாலிகி மத்ஹபின் பிற்கால அறிஞர்களும் இக்காலத்தவர் பலரும் ஆகும் என்பர். தம் மத்ஹபின் வழி நிற்பதும், ஐயமானதை விடுவதுமே பாதுகாப்பு. நீரில் வீழ்ந்து இறந்ததை உண்ணலாகாது; கொன்றது அம்பா நீரா என்று தெரியாது என்பதே நபிமொழி தரும் காரணம்.

உடல்நலமும் அமானத்தே. ஈயக் குண்டால் வீழ்த்திய பறவை இறைச்சியை அடிக்கடி உண்பவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும், அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவுறுத்துகிறது.

ஆகவே என் கருத்தைச் சுருக்கிக் கூறுகிறேன். காவல்துறையின் துப்பாக்கிச் சான்றிதழும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்து, பயிருக்கு உண்மையான சேதம் நேர்ந்து, விரட்டியும் பயனில்லாதபோது, உதவச் செல்பவரை மார்க்கம் தடுக்கவில்லை. செல்பவர் தெளிவாக அடையாளம் கண்டதையே சுட வேண்டும். கழுத்தில் வெண்திட்டில்லாத ஸ்டாக் டவ் என்ற சிறிய புறா அங்கே பாதுகாக்கப்பட்டது. தொலைவில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். காயம்பட்டு வீழ்ந்ததை உடனே தேடி அதன் துன்பத்தை முடிக்க வேண்டும். அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது. கூட்டம் கலைந்துவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். வீழ்ந்தது யாருக்கேனும் உணவாகப் பயன்பட வேண்டும்.

தொழுகையையும் நினைவூட்டுகிறேன். டிசம்பரில் அங்கே பகல் மிகக் குறுகியது. நண்பகலையொட்டி லுஹர், இரண்டு மணிக்கு முன்பே அஸர், நான்கு மணியளவில் மஃரிப். புறாக்கள் மும்முரமாக மேய்வதும் தோப்புக்குத் திரும்புவதும் இதே நேரம். வேட்டையைப் பின்தொடர்பவர் மறதியாளராவார் என்ற நபிமொழி எச்சரிக்கையின் பொருளை அந்த வயலில் நிற்பவர் நன்கு உணர்வார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஹலாலைப் பற்றிக் கேட்கும்போது இறைச்சியின் சட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உயிரின் உரிமையையும் சொல்லுங்கள். உணவுத்தட்டில் வருவதற்கு முன்பே, விரல் விசையைத் தொடும் கணத்திலேயே ஹலாலும் ஹராமும் தொடங்கிவிடுகின்றன.

அல்லாஹ் மிக அறிந்தவன்.