அம்மனுக்குக் குளிர்த்தி, அம்மாவுக்கு என்ன?



கடந்த வைகாசியில் படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குக் கண்ணகி அம்மன் சடங்கு பார்க்கப் போயிருந்தேன். எமது மகளிர் குழுவில் உள்ள பல பெண்கள் அந்த ஊரைச் சேர்ந்தவர்கள். அன்று கடைசி நாள், குளிர்த்தி. மட்டக்களப்புச் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேறு இடங்களில் இருந்து இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் கண்ணகி கோயில்கள் பல வருடத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். வைகாசியில் கதவு திறந்து, சில நாட்கள் சடங்கு செய்து, கண்ணகி வழக்குரையைப் பாடி, கடைசி இரவு குளிர்த்திப் பாட்டால் அம்மனின் கோபத்தை ஆற்றி, திரும்பவும் கதவை அடைப்பார்கள்.

கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் எல்லோருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக இருந்தார். "உள்ளே வாங்கோ அக்கா, நான் பாக்கிறன்" என்றேன். "நீங்க போங்க புள்ள. இஞ்சயும் பாட்டுக் கேக்கும்தானே" என்றார்.

அவரை உள்ளே வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கட்டாடியாரும் சொல்லவில்லை. அவராகவே ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கப் பழகிவிட்டார் என்று சொல்வதுதான் சரி.

2008 ஆம் ஆண்டு அவருடைய கணவர் பட்டணத்துக்கு மருந்து வாங்கப் போனவர், திரும்பி வரவில்லை. அப்போது மூத்த மகளுக்கு நான்கு வயது, இளையவன் வயிற்றில். அதற்குப் பிறகு தோட்டம் கொத்தி, இடியப்பம் அவித்து, அரிசி ஆலையில் நெல் காயப்போட்டு இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர். மகள் பெரிய பிள்ளையானபோது சாமத்திய வீட்டில் தண்ணீர் வார்க்கச் சொந்தத்தில் ஏழு பெண்கள் வந்தார்கள். பெற்றவர் குசினிக்குள் நின்றார். மச்சாள்காரி சத்தமாகக்கூடப் பேசவில்லையாம். "நீ முன்னுக்கு நிக்கிறது சரியில்ல, புள்ளட வாழ்க்கை" என்று காதுக்குள் மட்டும் சொன்னாராம். மகள் வெளியே வந்து "அம்மா எங்க?" என்று தேடியதை அக்கா எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார்.

குளிர்த்திப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். யாரைக் கும்பிடுகிறார்கள்? அநியாயமாகக் கணவனை இழந்த ஒரு பெண்ணை. அவளை "தாயே" என்று கூப்பிடுகிறார்கள். கணவனை இழந்த இன்னொரு தாய் வெளியே செருப்புக்குக் காவல். இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கண்ணகியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு விடயத்தை நாங்கள் யோசிப்பது குறைவு. கண்ணகி பிள்ளை பெற்றவள் அல்ல. கோவலனுக்கு மாதவியிடம் பிறந்த மணிமேகலை, வஞ்சிக்குப் போய்க் கண்ணகியின் கோயிலில் அவளைத் தாயாக எண்ணித் தொழுததாக மணிமேகலைக் காப்பியத்தில் வருகிறது. கண்ணகியின் சொந்த வயிற்றில் பிறந்த பிள்ளையென்று யாரும் இல்லை. பால் கொடுக்காத மார்பைத்தான் அவள் திருகி எறிந்து மதுரையை எரித்தாள். அந்தக் கோபத்திலும் குழந்தைகளையும் வயோதிபரையும் தொடவேண்டாம் என்று தீயிடம் சொன்னாள். பெற்றதற்காக அல்ல, நியாயம் கேட்டதற்காகவும் கேட்கும்போதே பிள்ளைகளை நினைத்ததற்காகவும் எங்கள் மூதாதையர் அவளைத் தாய் என்றார்கள் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். பிள்ளை இல்லாத பெண்ணை "மலடி" என்று வாய் கூசாமல் சொல்பவர்களும் இந்த அம்மனிடம்தான் நேர்த்தி வைக்கிறார்கள்.

பிள்ளைக்குச் சின்னமுத்தோ கொப்புளிப்பானோ வந்தால் "அம்மாள் வருத்தம்" என்று வேப்பிலை கட்டி, வீட்டைக் குளிர்மையாக வைத்து, மச்சம் தவிர்ப்போம். நோயே அம்மனின் வெப்பம் என்று நம்பியவர்கள் அவளைத் திட்டவில்லை, தணித்தார்கள். (இப்போது தடுப்பூசி இருக்கிறது. கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். வேப்பிலை அதற்குப் பதிலாகாது.)

குளிர்த்தி என்ற சொல்லே எனக்குப் பிடித்தது. கோபமும் துக்கமும் கொண்ட ஒரு பெண்ணைப் பார்த்து "அழாதே, வாயை மூடு, விதி" என்று இந்தச் சடங்கில் யாரும் சொல்வதில்லை. அவளுடைய வழக்கை முதலில் முழுவதுமாகப் படிக்கிறார்கள். சிலம்பு எங்கிருந்து வந்தது, பொற்கொல்லன் எப்படி ஏமாற்றினான், அரசன் எப்படி விசாரிக்காமல் கொன்றான், அவள் எப்படி அரசன் முன்னிலையில் போய் நின்றாள் என்று ஒன்றும் விடாமல் நாட்கணக்கில் பாடி, ஊரே இருந்து கேட்கிறது. கிழக்கில் ஏட்டிலிருந்த இந்தக் காவியத்தைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்தார். அதற்கு முன்பும் பின்பும் அது வாழ்வது இந்தச் சடங்கில்தான். கேட்டு முடித்த பின்புதான் குளிர்த்தி. கேளாமல் குளிர்விப்பது என்ற வழக்கம் அங்கே கிடையாது.

இனி எங்கள் வீடுகளைப் பாருங்கள். கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவளுக்கு முப்பத்தோராம் நாள் வரைதான் ஊரின் காது. அதன் பின் "எத்தின நாளைக்குத்தான் அழுவா" என்பார்கள். விசாரணைக்கு வந்தவர்களும் படிவத்தில் உள்ள கேள்விக்கு மட்டும் பதில் கேட்டார்கள். இந்த அக்கா ஐந்து இடங்களில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஓரிடத்தில்கூடத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை சொல்ல விடவில்லை என்பது அவருடைய பெரிய மனக்குறை.

யாழ்ப்பாணத்தில் கண்ணகி வழிபாடு வேறு வழியில் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்ற சைவ சீர்திருத்தக்காரர் கண்ணகியைச் சைவத்துக்குப் புறம்பான, வணிகக் குலத்து மானிடப் பெண் என்று ஏற்கவில்லை. பல கண்ணகி கோயில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வன்னியில் நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளையில் அவள் கண்ணகியாகவே இருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீரில் விளக்கெரியும் அந்த மரபை முல்லைத்தீவுச் சகோதரிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 2009 இல் அந்தக் கடற்கரையில் என்ன நடந்தது என்பதையும் அவர்களேதான் சொல்லவேண்டும்.

சிங்கள மக்களுக்கு இவளே பத்தினித் தெய்வம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984 இல் பத்தினி வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட பெரிய ஆங்கில நூலைத் தலையணை என்று பகிடி பண்ணுவோம். சங்கத்து வேலைக்கு வந்த பிறகுதான் அதன் அருமை விளங்கியது. சிங்களக் கிராமங்களில் கிரி அம்மா தானம் என்று ஒன்று உண்டு. கிரி அம்மா என்றால் பால் அம்மா. பிள்ளைக்கு நோய் மாறியதும், அல்லது நேர்த்தியாக, ஊரில் உள்ள ஏழு தாய்மாரை வீட்டுக்கு அழைத்துப் பாற்சோறும் பலகாரமும் கொடுத்து, அவர்களிடம் பிள்ளைக்கு ஆசி வாங்குவார்கள். பத்தினிக்குச் செய்யும் மரியாதை உயிரோடு இருக்கும் ஏழு பெண்களின் வயிற்றுக்குப் போகிறது. படிக்கும்போது என் கண்ணில் பட்டது அதுதான். எங்களிடம் சுமங்கலி பூசை இருக்கிறது, நவராத்திரியில் கன்னிப் பெண்களுக்குப் பூசை இருக்கிறது. தனியே நின்று பிள்ளை வளர்த்தவளை அழைத்து இருத்தி ஒரு பிடி சோறு கொடுக்க ஒரு பூசை உண்டா? எனக்குத் தெரிய இல்லை.

மற்றவர்களைக் குறை சொல்லும்போது என் பிழையையும் சொல்ல வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் எங்கள் நிலையத்தில் வாணி விழா வைத்தோம். வந்த முப்பது பேரில் பெரும்பாலானோர் கணவரை இழந்தவர்கள். மங்கள விளக்கு ஏற்ற ஆள் தேடி, அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போய், ஓர் உத்தியோகத்தரின் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். எனக்கு அது பிழையாகவே படவில்லை. சமூகவியல் பட்டம் கையில் இருந்தது, கண் எங்கேயோ இருந்தது. பிறகு புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விளக்கைச் சுற்றி நாங்கள் நான்கு பேர், சுவரோடு சுவராக மற்றவர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. "அம்மா என்றால் தெய்வம்" என்று சொல்லிச் சொல்லியே அம்மாவின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். தெய்வத்துக்குப் பசிக்காது, களைக்காது, மறுமணம் செய்யும் எண்ணம் வராது. எங்கள் குழுவில் 34 வயதுப் பெண் ஒருவர் இரண்டாவது திருமணத்தைப் பற்றிக் கதைத்தபோது, "பிள்ளையளுக்கு நீதானே தெய்வம்" என்று சொந்தத் தாயே வாயை அடைத்தார். அம்மனைக்கூட வருடத்தில் சில நாட்கள்தான் வெளியே இருத்துகிறோம், இவளை முந்நூற்றறுபத்தைந்து நாளும் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

ஆனாலும் எங்கள் தாய்மார் அம்மனை விட்டுவிடவில்லை, விடவும் மாட்டார்கள். 1990 களில் மட்டக்களப்பில் காணாமற்போன மகன் எங்கே என்று கேட்க அலுவலகம் அலுவலகமாகத் திரிந்தவர்கள், கடைசியில் அம்மன் உருவேறி வாக்குச் சொல்லும் பெண்களிடம் போனார்கள். பட்ரீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் அந்தக் காலத்தில் இங்கே தங்கி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது மூடநம்பிக்கையா என்று என்னிடம் கேட்டால், அன்று இந்தத் தாய்மாரை இருத்திக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பேன். யாழ்ப்பாணத்தில் 1984 இல் அன்னையர் முன்னணி கச்சேரிக்கு ஊர்வலம் போனது. தெற்கிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் 1992 ஜூனில் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்துச் சபித்தார்கள். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த அம்மாக்களும் கந்தசுவாமி கோயிலடியில்தான் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் பதில் கேளாமலே செத்துப்போனார்கள்.

எங்கள் குழுவில் இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது காத்தான்குடியில் இருந்து வரும் ஒரு சகோதரி ஹாஜர் அம்மையாரைப் பற்றிச் சொன்னார். பாலைவனத்தில் தனியே விடப்பட்டு, பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஓடிய தாய். ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்களும் அவர் ஓடியது போலவே அந்தத் தூரத்தை ஏழு தடவை கடக்க வேண்டும் என்றார். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கும் இன்னொருவர், "எங்கட மாதாவும் மகனைப் பறிகொடுத்தவதானே" என்று மட்டும் சொன்னார். அதன் பின் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் எடுத்த முடிவு சின்னது. அடுத்த வாணி விழாவில் விளக்கைக் குழுவில் வயதில் மூத்தவர் ஏற்றுவார், கணவர் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன. அது நடந்தது. இரண்டு பேர் அந்த நாளுக்கு வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஏற்றிய அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, கை நடுங்கி மூன்று தீக்குச்சி அணைந்தது. நான்காவதை வேப்பமரத்தடி அக்கா தட்டிக் கொடுத்தார். எல்லோரும் ஆளுக்கொரு பிடி அரிசி போட்டுப் பொங்கி, ஒருவர் மற்றவருக்குப் பரிமாறினோம். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

இந்த அக்காவுக்குக் கணவருடைய மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லை. "எடுத்தா நானே கொண்டுபோட்ட மாதிரி" என்பார். அவரைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி இறந்தார் என்று எழுதாமல், காணவில்லை என்று பதிவு செய்து தரும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். காணாமற்போனவருடைய கொடுப்பனவு, வங்கிக் கணக்கு, காணி அலுவல்களுக்கு அது உதவும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முடியுமானால் தனியே போகாமல் இன்னொருவரையும் கூட்டிப் போங்கள். அங்கும் உங்கள் கதையை முழுவதுமாகச் சொல்லுங்கள்.

அக்காவின் மகளுக்கு இப்போது 21 வயது. தை மாதத்தில் கல்யாணம். தாரை வார்க்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்பதாக ஏற்பாடு. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமத்திய வீட்டில குசினிக்க நிண்டது காணும், அம்மாதான் என்னைக் குடுக்கணும்" என்று நிற்கிறாள். மச்சாள்காரி கோபம். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்காவும் ஒன்றும் முடிவு சொல்லவில்லை. போன கிழமை நிலையத்துக்கு வந்தவர் போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "புள்ள, நிக்கிறதெண்டா என்ன நிறத்தில சீலை உடுக்கிற?"