உட்கார இடம் வேண்டும்

என் மருமகனுக்கு மேற்கு ஜாவாவில், பூர்வகர்த்தா ஊரில் நூற்பாலை வேலை. நானும் புதுச்சேரி ஏ.எஃப்.டி. மில்லில் தறிச் சத்தத்தோடு காலம் தள்ளியவன். அதனால் மகளைப் பார்க்கப் போன இடத்திலும் ஷிஃப்ட் விடும் நேரத்துக்குக் கால் தானாக மில் வாசலுக்குப் போய்விடும். வாசலுக்கு எதிரே ஒரு பெண் நடத்தும் காபிக் கடை. 'வாருங்' என்பார்கள். தார்ப்பாய்க் கூரை, இரண்டு நீள பெஞ்சு, கயிற்றில் சரம் சரமாகத் தொங்கும் காபிப் பொட்டலங்கள், எண்ணெய்ச் சட்டியில் வாழைப்பழ பஜ்ஜி.

பொட்டலக் காபி பிடிக்காதவர்களுக்கு 'கோப்பி துப்ருக்'. கண்ணாடி கிளாஸில் காபித் தூளும் சர்க்கரையும் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஃபில்டரும் இல்லை, பாலும் இல்லை. உடனே வாயில் வைத்தால் தூள்தான் வரும். மண்டி அடியில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசி இரண்டு விரற்கடையைக் குடிக்காமல் விட்டுவிட வேண்டும். ருசியில் நம் ஃபில்டர் காபிக்குக் கிட்டே வராது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மண்டி இறங்கும் நேரத்தில் ஊர்க்கதை அத்தனையும் பேசி முடிகிறது. இரவு ஷிஃப்ட் முடித்தவன், பைக் டாக்ஸி ஓட்டுபவன், கிராம்பு வாசனைச் சிகரெட்டோடு சதுரங்கப் பலகையை முறைத்துக்கொண்டிருக்கும் கிழவர் எல்லாருக்கும் ஒரே பெஞ்சு. ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் கடைக்காரம்மா முகம் சுளிக்கவில்லை. என் மனைவியும் கூச்சமில்லாமல் அங்கே உட்கார்ந்தாள். இங்கே டீக்கடைக்குப் போனால் ஆட்டோவை விட்டு இறங்கமாட்டாள். நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

நம் காபிக்கும் காத்திருப்பு உண்டு. டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டுமே. அதெல்லாம் அடுப்படியில் பெண்கள் காத்திருந்தது. கூடத்துக்கு டபரா வந்து சேரும்போது குடிப்பது ஒன்றுதான் பாக்கி. கடையிலோ நின்றபடி நாலு மடக்கு குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஜாவாவுக்குக் காபி போனதே நம் மேற்குக் கரையிலிருந்துதான். 1696இல் டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, காபி நாற்று அனுப்பினார்கள். அது வெள்ளத்தோடு போனது. 1699இல் மறுபடி கொண்டுபோனார்கள். அந்த வருஷங்களில் நம் புதுச்சேரியும் அவர்கள் கையில்தான் இருந்தது: 1693இல் பிடித்து, 1699இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். நேர்நேரான நம் வீதிகளுக்கு முதலில் வரைபடம் போட்டவர்களும் டச்சுக்காரர்களே. (பெயர் என்னவோ பிரெஞ்சுக்காரனுக்கு.) ஜாவாவில் 1830க்குப் பிறகு கட்டாயச் சாகுபடி என்று குடியானவர் முதுகில் காபியை ஏற்றினார்கள். மேற்குச் சுமத்ராவில் காபி இலையை வாட்டிக் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. கொட்டை துரைமாருக்குப் போக, பயிரிட்டவனுக்கு மிஞ்சியது இலைதான் என்று அங்கே சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பயிரைத்தான் அந்தச் சனங்கள் தங்கள் பெஞ்சுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

நம்மிடமும் அப்படி ஒன்று நடந்தது. 1936இல் பம்பாயில் தொடங்கிய இந்தியா காபி ஹவுஸ்களைப் பின்னால் காபி வாரியம் ஏற்று நடத்தியது. ஐம்பதுகளில் அவற்றை மூட முடிவுசெய்து தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பியபோது, கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று முன்னே நின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நேரு வீதியில் இருக்கும் நம் இந்தியன் காபி ஹவுஸ் அந்த வழி வந்ததுதான். யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் அது வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துப் போகிறார்கள். எங்களுக்கு அது போனஸ் கணக்குப் போட்ட இடம். சம்பந்தம் பேசி முடித்த இடம். பக்கத்து மேசையில் கோர்ட்டு குமாஸ்தா இருப்பார், பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் இருப்பார். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். காபி ஹவுஸில் நீ யார் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சு வீதிகளில் தடுக்கி விழுந்தால் கஃபே. காபி நன்றாகவே போடுகிறார்கள். விலையைப் பார்த்தால் என் ஓய்வூதியத்துக்கு மயக்கம் வரும், அது வேறு. அப்படி ஒரு கடையில் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் பாதிதான் குடித்திருப்போம், கேட்காமலே பில் வந்தது. வெளியே பெங்களூர்க் கூட்டம் மேசைக்குக் காத்திருந்தது. பரிமாறிய பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வீதிகளில் வாடகை அப்படி, ஒவ்வொரு நாற்காலியும் மணிக்கு இத்தனை ரூபாய் சம்பாதித்தாக வேண்டும்.

ஆகவே தனியார் கடைக்காரரிடம் எனக்கு ஒரு கோரிக்கையும் இல்லை. அரசிடம் உண்டு. பாரம்பரியக் கட்டடங்களைப் பொதுப் பணத்தில் பழுதுபார்க்கிறோம். அவற்றை வாடகைக்கு விடுவதானால், அதிகத் தொகை கேட்பவருக்கே எல்லா அறையும் போக வேண்டுமா? கட்டடத்துக்கு ஓர் அறையைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கலாம். விலைக்கு உச்சவரம்பு, நல்ல பெஞ்சுகள், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, இவ்வளவு போதும். நஷ்டம் வருமே என்பார்கள். கடற்கரையில் சிமெண்டுப் பலகை போட்டோமே, அதில் லாபம் பார்த்தோமா?

எங்கே தொடங்குவது என்று கேட்டால் கடலூர் சாலையைக் காட்டுவேன். 1898இல் தொடங்கிய எங்கள் மில்லை 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். அந்த இடத்தை என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எது வந்தாலும் வரட்டும், வாசல் பக்கத்தில் ஒரு காபிக் கடைக்கு இடம் ஒதுக்கிவிட்டு மற்றதைக் கட்டுங்கள். நடத்த ஆள் தேட வேண்டியதில்லை. வேலை போன வீடுகள் முதலியார்பேட்டை வரைக்கும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை மட்டும் எழுத்தில் இருக்கட்டும்: குடித்து முடித்துவிட்டார் என்பதற்காக யாரையும் எழுப்பக் கூடாது.