கருக்கலைப்பு அரசியல்: அமெரிக்க நிதி வெட்டின் சுமை யார் தலையில்?

அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், இரண்டாம் முறையாகப் பதவியேற்ற நான்கே நாள்களில், 2025 ஜனவரி 24-ஆம் தேதி, 'மெக்சிகோ நகர் கொள்கை'யை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1984-இல் மெக்சிகோ நகரில் நடைபெற்ற ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டின்போது ரீகன் அரசு அறிவித்த கொள்கை இது. அமெரிக்க நிதியுதவி பெறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள், குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பைச் செய்யவோ, அதற்கு ஆலோசனை வழங்கவோ, அதைச் சட்டபூர்வமாக்கக் கோரவோ கூடாது என்பதே நிபந்தனை. இதை எதிர்ப்போர் 'வாய்ப்பூட்டு விதி' என்கின்றனர்.

கிளிண்டன் 1993-இல் இதை நீக்கினார். புஷ் 2001-இல் மீட்டார். ஒபாமா 2009-இல் நீக்கினார். டிரம்ப் 2017-இல் மீட்டார். பைடன் 2021-இல் நீக்கினார். பதவியேற்பு வாரத்தின் சடங்காகவே இது மாறிவிட்டது எனலாம்.

அமெரிக்க மக்களின் வரிப்பணம் கருக்கலைப்புக்குச் செல்லக் கூடாது என்பதே இக்கொள்கைக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். ஆனால், அதற்கான தடை ஹெல்ம்ஸ் சட்டத்திருத்தம் மூலம் 1973 முதலே நடைமுறையில் உள்ளது. இவ்விதி கட்டுப்படுத்துவது, அந்நிறுவனங்கள் வேறு நாடுகளிடமிருந்து திரட்டும் பணத்தையும் அவற்றின் பேச்சையும்தான். இந்தியாவைப்போல் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும் இதே நிலைதான். நேபாளக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 2001-இல் இந்நிபந்தனையை ஏற்க மறுத்து அமெரிக்க நிதியை இழந்தது. மறு ஆண்டே நேபாளம் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது.

ஒரு செலவுக்கு நிதி கொடுத்தால், நிறுவனத்தின் சொந்தப் பணம் மற்றொரு செலவுக்கு மிச்சமாகிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். அதைப் புறந்தள்ள முடியாது. எனினும், விளைவு அவர்கள் விரும்பிய திசையில் செல்லவில்லை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள 26 ஆப்பிரிக்க நாடுகளின் 1995 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்து, 2019-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. கொள்கை நடைமுறையில் இருந்த ஆண்டுகளில், அமெரிக்க உதவியைப் பெரிதும் சார்ந்திருந்த நாடுகளில், மற்ற நாடுகளுடன் ஒப்பிடுகையில் கருக்கலைப்பு சுமார் 40 சதவீதம் உயர்ந்தது. கருத்தடைப் பயன்பாடு 14 சதவீதம் சரிந்தது. காரணம் எளிது. கருத்தடை மாத்திரைகளையும் ஊசிகளையும் கிராமங்களுக்குக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் இதே நிறுவனங்கள்தாம்.

முன்பு குடும்பக் கட்டுப்பாட்டு நிதிக்கு மட்டும் பொருந்திய இவ்விதியை, எய்ட்ஸ், காசநோய், மலேரியா உள்ளிட்ட ஏறத்தாழ அனைத்துச் சுகாதார உதவிகளுக்கும் டிரம்ப் 2017-இல் விரிவுபடுத்தினார். எய்ட்ஸ் ஒழிப்பு நிதிக்கு 2003-இல் புஷ்ஷே விலக்கு அளித்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இம்முறை நிலைமை மேலும் சிக்கலானது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி வெளிநாட்டு உதவிகள் முடக்கப்பட்டன. ஜூலை 1-ஆம் தேதியுடன் யுஎஸ்எய்டு தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. நிபந்தனைக்குப் பணிந்து கையொப்பமிட முன்வரும் நிறுவனங்களுக்கும் பழைய அளவில் பணம் கிடைக்கும் உறுதி இல்லை. 2017-இல் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட நெதர்லாந்து முன்னின்று நிதி திரட்டியது. இப்போதோ, தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாகப் பிரிட்டன் அறிவித்துள்ளது. நெதர்லாந்தும் உதவிச் செலவைக் குறைத்துவருகிறது.